நரம்பு என்று நாம் சொல்வதில் எது நரம்பு?

வெள்ளவத்தையில் ஏதாவதொரு பாமசி வாசலில் அரை மணித்தியாலம் நின்றால், ‘நரம்பு’ என்ற சொல் குறைந்தது நாலு பொருளில் காதில் விழும். “நரம்பில ஊசி போட்டவை” என்பார் ஒருவர். ஊசி போனது நாளத்துக்குள், அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்க்குள். “அம்மாவுக்குக் காலில நரம்பு புடைச்சுக் கிடக்கு” என்பதும் நாளம்தான். “நரம்பு சுளுக்கிட்டுது, ஒரு ஓயின்மென்ட் தாங்கோ” என்று வருபவருக்கு நோவது பெரும்பாலும் தசை, இல்லாவிட்டால் தசையை எலும்போடு கட்டும் வெள்ளை நார். “நரம்புத் தளர்ச்சிக்கு என்ன குளிசை நல்லம்?” என்ற கேள்விக்கோ எந்த உறுப்பையும் தொட்டுக் காட்ட முடியாது. கை நடுக்கம், களைப்பு, பயம், நித்திரையின்மை எல்லாவற்றையும் அந்த ஒரு பைக்குள் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

உண்மையான நரம்பு இவற்றில் எதுவுமில்லை. அது இரத்தக் குழாயும் இல்லை, இழுத்துக் கட்டிய கயிறும் இல்லை. ஆயிரக்கணக்கான நுண்ணிய இழைகள் சேர்ந்த ஒரு கட்டுத்தான் நரம்பு. ஒவ்வொரு இழையும் ஒரு நரம்புக்கலத்தின் நீண்ட வால். மின்துடிப்பால் செய்தி அனுப்பக்கூடிய கலத்தையே நரம்புக்கலம் என்கிறோம். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய அந்த வால், நாரியில் தொடங்கிக் கால் பெருவிரல் வரை போவதென்றால் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளம் இருக்கும்.

இந்த ஒரு சொல்லைப் பிரித்து வைத்துக்கொண்டால், டொக்டர் சொல்வதில் பாதி தன்னாலே விளங்கும்.

தொடர்மாடியும் அதற்குள் ஓடும் வயரும்

காலி வீதியோரம் நிற்கும் தொடர்மாடிகளில் ஒன்றை மனதில் எடுங்கள். லிஃப்டுக்குப் பக்கத்தில் கீழிருந்து மேல்வரை ஒடுங்கிய ஒரு கொங்கிறீட் குழி போகும். அதற்குள் வயர்கள் கட்டாக ஓடும். ஒவ்வொரு மாடியிலும் அந்தக் கட்டில் இருந்து இரண்டு பக்கமும் கிளை பிரிந்து வீடுகளுக்குள் போகும்.

கொங்கிறீட் குழிதான் முள்ளந்தண்டு. அது எலும்பு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளையங்கள் போன்ற முள்ளென்புகளால் ஆனது. பிறக்கும்போது 33 முள்ளென்புகள்: கழுத்தில் 7, நெஞ்சில் 12, நாரியில் 5, இடுப்பில் 5, வால் நுனியில் 4. வளர வளரக் கடைசி இரண்டு கூட்டமும் தனித்தனியே ஒட்டிப்போய்விடும்.

வயர் கட்டுத்தான் முண்ணாண். அது எலும்பு இல்லை, மூளையின் தொடர்ச்சி. வளர்ந்தவரில் ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் நீளம், சுண்டுவிரல் தடிப்பு, 35 கிராம் வரை நிறை. ஒரு முட்டைகூட அதைவிடக் கனம். கனிந்த வாழைப்பழம் போல மெதுமையானது என்பதால்தான் அதைச் சுற்றி மூன்று உறைகளும், உறைக்குள் தண்ணீர் போலத் தெளிந்த மூளைய முண்ணாண் பாய்பொருளும், அதற்கு வெளியே எலும்பும்.

கிளைகள்தான் முண்ணாண் நரம்புகள். 31 சோடி: கழுத்தில் 8, நெஞ்சில் 12, நாரியில் 5, இடுப்பில் 5, வாலில் 1. கழுத்தில் எலும்பு 7, நரம்பு மட்டும் எப்படி 8? முதலாவது சோடி, தலையோட்டுக்கும் முதல் முள்ளென்புக்கும் நடுவே வெளியே வருகிறது. ஏழாவது எலும்புக்குக் கீழே வருவது எட்டாவது சோடி. பரீட்சையில் பிள்ளைகள் புள்ளி இழக்கும் இடம் இது.

“முள்ளந்தண்டில அடிபட்டுட்டுது” என்று கேள்விப்பட்டால் கேட்கவேண்டியது ஒன்றுதான்: எலும்பா, முண்ணாணா? எலும்பில் மட்டும் வெடிப்பு என்றால் ஆள் சில கிழமைகளில் எழுந்து நடக்கலாம். முண்ணாண் நசுங்கினால் கதை வேறு. நசுங்கிய மட்டத்துக்கு மேலே எல்லாம் வேலை செய்யும், கீழே நிற்கும். நெஞ்சு மட்டத்தில் என்றால் கை தப்பும், கால் போகும். கழுத்தின் 3, 4, 5ஆம் நரம்புகள் மூச்சு இழுக்கும் பிரிமென்றகட்டை ஆள்கின்றன. அதற்கு மேலே நசுங்கினால் மூச்சே நிற்கும்.

தென்னையில் இருந்து விழுந்தவரை, ஓட்டோ புரண்டு வீதியில் கிடப்பவரை, இரண்டு பேர் கக்கத்தில் பிடித்துத் தூக்கி இன்னொரு ஓட்டோவுக்குள் மடக்கி ஏற்றக் கூடாது என்பதன் காரணமும் இதுதான். எலும்பு மட்டும் உடைந்து முண்ணாண் தப்பியிருக்கக்கூடும். கழுத்து ஒருமுறை மடிந்தால் உடைந்த விளிம்பு அந்த வாழைப்பழத்தை வெட்டிவிடும். நெருப்பு, ஓடும் வாகனம் போன்ற உடனடி ஆபத்து இல்லையென்றால் கிடந்த கிடையிலேயே விடுங்கள். ஒருவர் தலைமாட்டில் முழங்காலில் இருந்து, தலை அசையாமல் இரண்டு கையாலும் பிடிக்கட்டும். மற்றவர் 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடட்டும். காசு இல்லை.

வயர் கட்டு பாதி வழியில் முடிகிறது

முண்ணாண் முதுகின் அடிவரை போகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். போவதில்லை. வளர்ந்தவரில் அது முதலாம், இரண்டாம் நாரி முள்ளென்புகளின் மட்டத்தில், அதாவது கடைசி விலா எலும்புக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடுகிறது. கருவில் மூன்றாம் மாதத்தில் குழாய் முழுவதையும் முண்ணாண் நிரப்பியிருக்கும். அதன்பிறகு எலும்பு வேகமாக வளர, முண்ணாண் பின்தங்கிவிடும். ஆனாலும் கீழ் மாடிகளுக்கான கிளைகள் தங்கள் வாசலால்தானே வெளியே போகவேண்டும்? அதற்காக முண்ணாணின் நுனியில் இருந்து நீண்ட இழைகளாகத் தொங்கிக்கொண்டு இறங்குகின்றன. பார்வைக்குக் குதிரை வால் போல இருப்பதால் பெயரும் குதிரைவால்.

“முதுகில ஊசி போட்டுப் பிள்ளை பெத்தனான், அண்டையில இருந்து நாரி நோகுது” என்ற முறைப்பாடு கொழும்பில் வீட்டுக்கு வீடு கேட்கும். சத்திர சிகிச்சைக்கு விறைப்பு ஊசி போடுகிற டொக்டர், மூன்றாம் நான்காம் நாரி முள்ளென்புகளுக்கு இடையிலோ அதற்கு ஒன்று கீழேயோ ஊசியை இறக்குகிறார். அந்த இடத்தில் முண்ணாண் இல்லை. பாய்பொருளில் மிதக்கும் குதிரைவால்தான் இருக்கிறது. தண்ணீர் வாளிக்குள் போட்ட நூல்களுக்கு நடுவே ஊசி விட்டால் நூல் விலகிப்போவது போல அந்த இழைகள் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். உள்ளே போகும் மருந்து 2 மில்லிலீற்றர் அளவு. சில மணித்தியாலத்தில் அது கழுவுப்பட்டுப் போய்விடும்.

அப்படியென்றால் நாரி நோவு எங்கிருந்து? கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டுப் பிணைப்புகள், முன்பக்கம் இழுத்த வயிறு, பிறகு குனிந்து குனிந்து பிள்ளை தூக்குவது. முதுகில் ஊசி போடாமல் பிள்ளை பெற்றவர்களுக்கும் இதே நோவு வரும். ஊசியால் உண்மையில் வரக்கூடியது தலையிடி. ஊசி போட்ட துவாரத்தால் பாய்பொருள் கசிந்தால், எழுந்து இருக்கும்போது தலை பிளக்கும், படுத்தால் குறையும். உடலில் அந்தப் பாய்பொருள் மொத்தமே 150 மில்லிலீற்றர், ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. படுத்தால் போய் எழுந்தால் வரும் தலையிடி என்றால் வார்ட்டில் சொல்லவேண்டும். அதற்கு வைத்தியம் உண்டு.

ஒரு கிளைக்கு இரண்டு வேர்

ஒவ்வொரு முண்ணாண் நரம்பும் முண்ணாணோடு இரண்டு வேர்களால் இணைகிறது. முதுகுப்புற வேரால் செய்தி உள்ளே வருகிறது: சூடு, குத்து, தொடுகை, மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பது. முன்புற வேரால் கட்டளை வெளியே போகிறது: தசையே, சுருங்கு. 1811இல் சார்ள்ஸ் பெல்லும் 1822இல் பிரான்சுவா மஜாந்தியும் இந்தப் பிரிவைக் காட்டினார்கள். யார் முதலில் என்ற சண்டை நெடுநாள் நடந்தது.

இரண்டு வேரும் சேர்ந்தபிறகு ஒரே நரம்புக்குள் இரு பக்கப் போக்குவரத்தும் நடக்கும். ஆனால் ஒவ்வொரு இழையும் ஒருவழிப் பாதை. அதனால்தான் ஒருவருக்குக் காலில் பலம் இருந்தும் உணர்ச்சி இல்லாமல் போகலாம், இன்னொருவருக்கு உணர்ச்சி இருந்தும் கால் தூக்க முடியாமல் போகலாம். “நரம்பு செத்துப்போச்சு” என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிட்டால் டொக்டருக்கு வேண்டிய தகவல் போய்விடும்.

வேகத்திலும் இழைக்கு இழை வித்தியாசம். மயலின் என்ற கொழுப்புறை சுற்றிய தடித்த இழைகளில் செய்தி செக்கனுக்கு 120 மீற்றர் வரை ஓடும். உறையில்லாத மெல்லிய வலி இழைகளில் செக்கனுக்கு 1 மீற்றர் அளவு, கிட்டத்தட்ட ஆறுதலாக நடக்கும் வேகம். கட்டில் காலில் சின்னவிரல் இடிபட்டதும் நடப்பதைக் கவனியுங்கள். இடிபட்டது உடனே தெரியும், சுருக்கென்று ஒரு குத்தும் வரும். உயிரை எடுக்கும் அந்த உளைவு வர இன்னும் ஒரு செக்கனுக்குக் கிட்ட எடுக்கும். வேதனை வரப்போகிறது என்று தெரிந்துகொண்டே காத்திருக்கும் அந்த இடைவெளி, மெல்லிய இழைகளில் செய்தி நடந்து வரும் நேரம்.

முண்ணாணுக்குச் சொந்தப் புத்தி

தொடர்மாடி ஒப்பீடு இங்கே போதாமல் போகிறது. வயர் வெறுமனே கடத்தும். முண்ணாண் தானாகவும் முடிவெடுக்கும்.

வீட்டில் மின் ஒழுக்கு வந்தால் ட்ரிப் சுவிட்ச் என்ன செய்கிறது? மின்சார சபைக்கு அறிவித்துப் பதில் வரும்வரை நிற்கிறதா? அந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. தெரியாமல் சுட்ட தாச்சியைத் தொட்டால் கை பின்னுக்கு வருவதும் அப்படித்தான். தோலில் இருந்து செய்தி முதுகுப்புற வேரால் முண்ணாணுக்குள் போகிறது. அங்கே இடைத்தூதாக நிற்கும் கலங்கள் அதை வாங்கி முன்புற வேரால் கைத்தசைக்குக் கட்டளை அனுப்புகின்றன. இதற்குப் பெயர் தெறிவினை. “ஆ, சுட்டுப்போட்டுது” என்று மூளை உணர்வது கை விலகத் தொடங்கியபிறகு. ஆனாலும் மூளைக்கு மேலதிகாரம் உண்டு. விளிம்புவரை ஊற்றிய தேத்தண்ணிக் கோப்பை கையைச் சுட்டாலும் மேசையில் வைக்கும்வரை பிடித்துக்கொண்டு போகிறோமே, மூளை மேலிருந்து தெறிவினையை அடக்கி வைப்பதால்தான்.

டொக்டர் முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டுவது விளையாட்டுக்கு இல்லை. தட்டும்போது தொடைத்தசை ஒரு கணம் இழுபடும். செய்தி 3ஆம், 4ஆம் நாரி நரம்புகளின் வழியே முண்ணாணுக்குப் போய்த் திரும்பும், கால் உதறும். உதறவே இல்லையென்றால் அந்தச் சுற்றுப்பாதையில், வேரிலோ நரம்பிலோ, எங்கோ வெட்டு இருக்கக்கூடும். மிதமிஞ்சி உதறினால் பாதை சரி, மேலிருந்து மூளை போடும் பிரேக் வரவில்லை, பழுது அதற்கு மேலே முண்ணாணிலோ மூளையிலோ என்று சந்தேகிப்பார்கள். ஒரு ரூபா செலவில்லாத சோதனை.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: முள்ளந்தண்டு எலும்பு, முண்ணாண் அதற்குள் ஓடும் மெதுமையான கட்டு, நரம்புகள் அதன் கிளைகள். கிளைக்கு உள்வரும் வேர் ஒன்று, வெளிப்போகும் வேர் ஒன்று. அவசரம் என்றால் முண்ணாணே முடிவெடுக்கும்.

உடம்பில் கோடு கிழித்த காணிகள்

முண்ணாண் நரம்பு ஒவ்வொன்றுக்கும் தோலில் ஒரு காணி பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கைப் பெருவிரல் 6ஆம் கழுத்து நரம்புக்கு, நடுவிரல் 7ஆவதுக்கு, சுண்டுவிரல் 8ஆவதுக்கு. முலைக்காம்பு மட்டம் 4ஆம் நெஞ்சு நரம்பு, தொப்புள் 10ஆவது. கால் பெருவிரலும் மேற்பாதமும் 5ஆம் நாரி நரம்பு, கால் சின்னவிரலும் பாத வெளியோரமும் முதலாம் இடுப்பு நரம்பு. இந்தக் காணிக்குத் தோல்வலயம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அயல் வளவு வேலி மாதிரி ஓரங்களில் கொஞ்சம் ஒன்றுக்குள் ஒன்று ஏறியும் இருக்கும்.

செய்தி எங்கே புறப்பட்டாலும், அது எந்தக் காணியின் வயரில் வருகிறது என்பதை வைத்தே மூளை இடத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே வயரின் நடுவில் பழுது வந்தாலும் நோவது காணியில்தான். முழங்கையின் உட்பக்க எலும்பை மேசை விளிம்பில் இடித்துப் பாருங்கள், வேண்டாம், ஏற்கெனவே இடித்திருப்பீர்கள். மின்சாரம் அடித்தது போல விறுவிறுத்தது முழங்கையா, சுண்டுவிரலா? அந்த எலும்புக்குப் பின்னால் தோலுக்கடியில் கிட்டத்தட்ட மொட்டையாக ஓடும் நரம்பு போய்ச் சேருமிடம் சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும்.

கால் வலி என்று வருகிறவருக்கு டொக்டர் நாரியை ஸ்கேன் எடுக்கச் சொன்னால் “காலைப் பாக்காம நாரியைப் பாக்கிறார்” என்று கோபிப்பதில் நியாயமில்லை. இரண்டு முள்ளென்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் தட்டைத்தான் டிஸ்க் என்கிறோம். வெளியே இறுகிய நார் வளையம், உள்ளே களி. “டிஸ்க் விலகிட்டுது” என்ற பேச்சு, சவர்க்காரக் கட்டி வழுக்கி வெளியே வந்தது போன்ற படத்தைத் தருகிறது. அந்தத் தட்டு எலும்போடு ஒட்டியிருப்பது, வழுக்காது. நார் வளையம் வெடித்து உள்ளிருந்த களி பின்பக்கமாகப் பிதுங்குகிறது, மோதகம் வெடித்துப் பூரணம் வருவது போல. பிதுங்கிய களி பக்கத்தால் போகும் நரம்பு வேரை அழுத்தினால் சயாட்டிக்கா. பெரும்பாலும் இது நாரியின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில் நடக்கிறது.

4ஆம் 5ஆம் நாரி எலும்புகளுக்கு இடைப்பட்ட டிஸ்க் என்றால் வழக்கமாக நசிவது 5ஆம் நாரி நரம்பு. நோவு தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, முன்காலின் ஓரத்தால் பெருவிரலுக்குப் போகும். பெருவிரலை மேலே தூக்கும் பலம் குறையும், குதிக்காலில் நடக்கக் கஷ்டம். அதற்கு அடுத்த டிஸ்க் என்றால் முதலாம் இடுப்பு நரம்பு. நோவு பிட்டத்தில் இருந்து கெண்டைக்காலின் பின்னால் இறங்கிச் சின்னவிரலுக்குப் போகும். ஒற்றைக் காலில் நுனிவிரலில் எழும்ப முடியாது. டொக்டரிடம் போகும்போது “கால் முழுக்க நோ” என்று சொல்லாமல், நோவு எங்கே தொடங்கி எந்த வழியாக எந்த விரலில் முடிகிறது என்று ஒற்றை விரலால் காலில் கோடு கிழித்துக் காட்டுங்கள். அந்தக் கோடு பாதி ஸ்கேனுக்குச் சமம்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘பிதுக்கம்’ என்று இருந்தவுடன் ஒடிந்துபோகவும் வேண்டாம். ஒரு நோவும் இல்லாதவர்களைப் படம் எடுத்தாலும் பலருக்கு அது இருக்கும். வயதோடு வரும் தலைநரை போல ஒன்று. நோவின் கோடும் படத்தில் தெரியும் பிதுக்கமும் ஒரே நரம்பைக் காட்டினால்தான் அதற்கு அர்த்தம். அப்படிப் பொருந்தினாலும் பெரும்பாலானோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு கிழமைகளில் கத்தியில்லாமலே தணிந்துவிடும். ஒன்று மட்டும் விதிவிலக்கு: நாரி நோவோடு சலம் போக மாட்டேன் என்று நின்றால், அல்லது துடைத்தால் தெரியாத அளவுக்குக் கவட்டுப் பகுதி விறைத்தால், அல்லது இரண்டு காலும் ஒன்றாகப் பலம் குறைந்தால், நசிவது முழுக் குதிரைவால். காலையில் கிளினிக் போவோம் என்று இருக்கக் கூடாது. அன்றே, அந்த மணியே ஆஸ்பத்திரி.

உள்ளுறுப்புகளுக்குத் தோலைப் போலத் தனிக் காணி இல்லை. அவற்றின் வயர்களும் தோலின் வயர்கள் வந்து நுழையும் அதே மட்டங்களில் முண்ணாணுக்குள் நுழைகின்றன. இதயத்தின் வலிச்செய்தி மேல் நெஞ்சு மட்டங்களில் வருகிறது. கையின் உட்பக்கச் செய்தியும் அதன் பக்கத்து வாசலால்தான். அதனால் இதயம் இரத்தமின்றித் தவிக்கும்போது நோவது இடது கை, தோள், சில வேளை தாடை. ‘காஸ்ரைட்டிஸ்’ என்று சொல்லி ஒரு போத்தல் சோடா குடித்துவிட்டுப் படுத்து உயிரை விட்டவர்கள் எத்தனை பேர். வியர்வையோடு நெஞ்சு இறுகி, நோவு கைக்கோ தாடைக்கோ பரவினால் சோடாவை வைத்துவிட்டு 1990க்கு அடியுங்கள். குடல்வால் அழற்சி தொப்புளைச் சுற்றி நோவாகத் தொடங்குவதும் இதே கணக்கு. அதன் செய்தி 10ஆம் நெஞ்சு மட்டத்துக்குப் போகிறது. வயிற்றின் உட்சுவர் அழலத் தொடங்கியபிறகுதான் நோவு வலது கீழ்வயிற்றுக்கு நகரும்.

தோல்வலயத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்றால் அக்கி வந்த ஒருவரைப் பார்த்தால் போதும். சின்ன வயதில் வந்த கொப்புளிப்பானின் வைரசு போகவில்லை. முதுகுப்புற வேரில் புடைத்திருக்கும் கலத் திரட்டுக்குள் பல்லாண்டு ஒளிந்திருக்கிறது. எதிர்ப்புச் சக்தி தளரும்போது அந்த ஒரு நரம்பின் வழியே இறங்கி, அதன் காணியில் மட்டும், ஒரு பக்கத்தில் மட்டும், பட்டி கட்டியது போலக் கொப்புளம் போடும். சுற்றிவந்து இரண்டு முனையும் முட்டினால் ஆள் தப்பாது என்ற பயம் தேவையில்லை. காணி உடம்பின் நடுக்கோட்டில் முடிந்துவிடுவதால் சாதாரணமாக அது முட்டுவதே இல்லை. பயப்படவேண்டியது நாள் கடத்துவதற்கு. வைரசு எதிர்ப்பு மருந்து கொப்புளம் தோன்றி 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். கண்ணுக்குக் கிட்ட வந்தால் அதுவும் பார்க்கக் கூடாது, உடனே போகவேண்டும்.

தலையில் இருப்பவை முண்ணாண் வழியே போவதில்லை

கண், காது, மூக்கு, நாக்கு நான்கின் செய்தியும் முண்ணாணுக்குள் போவதே இல்லை. மூளையில் இருந்து நேரே புறப்படும் 12 சோடி மண்டை நரம்புகள் அவற்றைப் பார்த்துக்கொள்கின்றன. முகத்துத் தோலும் அப்படித்தான். கழுத்து முறிந்து கைகால் அசையாதவர் பார்ப்பதும் கேட்பதும் ருசிப்பதும் குறையாமல் இருப்பது இதனால். கழுத்துக்குக் கீழே உள்ள தோல், தசை, மூட்டுச் செய்திகளுக்குத்தான் முண்ணாண் வாசல்.

புலனங்கம் எதுவும் தானாகப் பார்ப்பதோ கேட்பதோ இல்லை. வெளியே இருக்கும் ஒன்றை மின்துடிப்பாக மாற்றிக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. மாற்றும் கலத்துக்கு வாங்கி என்று பெயர். கண்ணில் வெளிச்சத்துக்கு வாங்கி, காதில் அதிர்வுக்கு, மூக்கிலும் நாக்கிலும் இரசாயனத்துக்கு, தோலில் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் காயத்துக்கும். மாறியபிறகு எல்லாத் துடிப்பும் ஒரே மாதிரித்தான். எந்த வயரில் வந்தது என்பதே வெளிச்சமா சத்தமா என்று சொல்கிறது. இருட்டில் கண்ணை மூடி இமையோரத்தை மெல்ல அழுத்தினால் ஒளிவட்டம் தெரிவது அதனால்: கண்ணின் வயரில் எது வந்தாலும் மூளைக்கு அது வெளிச்சம்.

கண்ணின் பின்சுவரான விழித்திரையில் மங்கல் வெளிச்சத்துக்கான கோல் கலங்கள் சுமார் 12 கோடி, நிறத்துக்கான கூம்புக் கலங்கள் சுமார் 60 இலட்சம். மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் இழைகளோ ஏறத்தாழ 10 இலட்சம்தான். அந்த நரம்பு வெளியேறும் இடத்தில் வாங்கியே கிடையாது, அங்கே ஒவ்வொரு கண்ணும் குருடு. நம்பாவிட்டால் பத்திரிகை ஓரத்தில் 8 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு, இடப்பக்கம் ஒரு புள்ளடியும் வலப்பக்கம் ஒரு கறுப்புப் பொட்டும் போடுங்கள். இடது கண்ணைப் பொத்தி, வலது கண்ணால் புள்ளடியையே பாருங்கள். தாளை மெல்லக் கிட்டக் கொண்டுவாருங்கள். ஏறத்தாழ 30 சென்ரிமீற்றரில் பொட்டு மறைந்துவிடும். அங்கே ஓட்டை தெரியாது, வெறும் தாள்தான் தெரியும். இல்லாததை மூளை தன் கைக்காசில் நிரப்பிவிடுகிறது.

நாக்கின் நுனி இனிப்புக்கு, ஓரம் புளிப்புக்கு என்று பழைய பாடப் புத்தகங்களில் இருந்த வரைபடம் பிழை. சுவையரும்பு இருக்கும் இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும். உறைப்பு சுவையே இல்லை. கட்டச் சம்பலில் இருக்கும் மிளகாயின் காரப்பொருள், 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை அறியும் வாங்கியைத் திறந்துவிடுகிறது. ‘எரியுது’ என்று நாம் சொல்வது உவமை இல்லை, மூளைக்குப் போன செய்தி அதுவேதான். இந்த வாங்கியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காரப்பொருள் தண்ணீரில் கரையாது, ஆகவே குளிர்தண்ணி குடித்தும் பயனில்லை. ஒரு கரண்டி எருமைத் தயிர் அதைக் கழுவிக் கொண்டுபோகும்.

காதுக்கு இரண்டு தொழில். செவிப்பறையின் அதிர்வை மூன்று சின்ன எலும்புகள் உள்ளே கடத்த, நத்தைச்சுருளில் உள்ள மயிர்க்கலங்கள் அதை மின்துடிப்பாக்கும். ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்க்கலங்கள். செத்தால் மீண்டும் முளைப்பதில்லை, பஸ்ஸில் ஸ்பீக்கருக்குக் கீழே சீற் பிடிப்பவர்கள் யோசிக்கலாம். பக்கத்தில் இருக்கும் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் தலை திரும்புவதை அளக்கின்றன. ஹற்றன் பஸ்ஸில் கினிகத்தேனை வளைவுகளில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் “அசையவில்லை” என்கிறது, கால்வாய் “சுழல்கிறோம்” என்கிறது. சாட்சிகள் முரண்பட்டால் வருவதுதான் வயிற்றைப் பிரட்டல். போனை வைத்துவிட்டுத் தூரத்தில் வீதியைப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

தோலைச் சோதிக்க ஒரு தலைமயிர்க் கிளிப் போதும். விரித்து இரண்டு முனையையும் 5 மில்லிமீற்றர் தூரத்தில் வைத்து, கண்ணை மூடிய ஒருவரின் விரல்நுனியில் தொடுங்கள்: இரண்டு என்பார். முதுகில் தொடுங்கள்: ஒன்று என்பார். விரல்நுனிக்கு 2, 3 மில்லிமீற்றர் இடைவெளியே போதும், முதுகுக்கு 4 சென்ரிமீற்றர் அளவு வேண்டும். விரலில் வாங்கிகள் நெருக்கம், அதற்கு மூளை ஒதுக்கிய இடமும் அதிகம்.

நீளமான வயர் முதலில் பழுதாகும்

சம்மணம் கட்டி இருந்து எழும்பும்போது கால் விறைப்பது நரம்பு நசிந்ததால். இரண்டு நிமிடத்தில் ஊசி குத்தி ஊசி குத்தித் திரும்பி வரும். கண்ணாடி வெட்டி அறுந்த நரம்பைத் தைத்துவிட்டால் அதுவும் வளரும், நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வேகத்தில். முழங்கையில் இருந்து விரல்நுனிக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முண்ணாணின் இழைகள் இப்படித் திரும்ப வளர்வதில்லை.

நம்மில் மெல்ல மெல்ல நரம்பைத் தின்பது சீனி வருத்தம். கூடிய சீனி இழைகளையும் அவற்றுக்கு உணவூட்டும் நுண்குழாய்களையும் கெடுக்கும். உடம்பில் மிக நீளமான இழைகள் பாதத்துக்குப் போவதால் விறைப்பு கால்விரலில் தொடங்கிக் காலுறை போட்டது போல மேலே ஏறும். முழங்காலுக்குக் கிட்ட வரும்போது கைவிரலிலும் தொடங்கும். மெற்போர்மின் குளிசையை வருடக்கணக்காக எடுப்பவர்களுக்கும் மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கும் விற்றமின் பி12 குறைந்து இதே மாதிரி விறைக்கலாம். அதற்கு இரத்தச் சோதனை உண்டு. குறைவு உள்ளவருக்கு அந்த விற்றமின் மருந்து. டிஸ்க் பிதுங்கியவருக்கு அதே ‘நரம்புக் குளிசை’ ஒன்றும் செய்யாது.

ஆடிவேல் ஊர்வலத்தில் மத்தியான வெயிலில் தார் வீதியில் வெறுங்காலோடு போகிறவர்களில் சிலருக்குக் கால் சுடவே சுடாது. பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். மறுநாள் உள்ளங்காலில் கொப்புளம். சீனி வருத்தக்காரர் வீட்டில் செய்யவேண்டியது: இரவு படுக்க முன் ஒரு கைக்கண்ணாடியை நிலத்தில் வைத்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். சப்பாத்தைப் போட முன் கவிழ்த்துத் தட்டுங்கள், ஒரு சின்னக் கல் நாள் முழுக்க உள்ளே இருந்தும் தெரியாமல் போகலாம். காலில் சுடுதண்ணி ஊற்ற முன் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடந்ததை இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்தது என்றால், அந்தக் கிழமையே கிளினிக்கில் பாதத்தைக் காட்டுங்கள்.